நாலு பேருக்கு மூணு கிளாஸ்

ஹலோ... ஹலோ... யோவ் கெல்வின், நான் நெவில் பேசுறேன்... நெவில்யா, நெவில்... அந்தப் புல்லு வெட்டுற மெஷினை முதல்ல நிப்பாட்டு, ஒண்ணும் கேக்கல... நிப்பாட்டிட்டியா?... ஆங், இப்பக் கேக்குது. வெச்சிடாத. போன தடவை மாதிரி வெச்சிடாத. அதுக்கு முந்தின தடவை மாதிரியும் வெச்சிடாத. ரெண்டே நிமிஷம்.

இல்ல... இல்லய்யா... குடிச்சிருக்கேன், ஆனா குடிக்கல... அதைத்தான் சொல்ல வரேன், சொல்ல விடு... ஒம்போது கிளாஸ். சின்னச் சின்னக் கிளாஸ்தான்... ஆமா, காலைல பதினோரு மணிக்குத்தான்... ஆமா, ஆமா, என் வயசு எனக்குத் தெரியும். அறுபத்தேழு. அடுத்த மாசம் அறுபத்தெட்டு. போதுமா?

பின்னாடி பாடுறதா? ரெக்ஸ்... நம்ம ரெக்ஸ்தான், வேற யாரு இப்படிப் பாடுவா... கிளைவும் இருக்கான். கிளைவ் அழுதுகிட்டிருக்கான்... அய்யய்ய, யாரும் சாகல. அவன் நாய் ஞாபகம் வந்துடுச்சாம்... உயிரோடதான்யா இருக்கு, வீட்டுல தூங்கிட்டிருக்கு. அதுக்குத்தான் அழுறான்.

எங்கயா? ஆத்தங்கரைல பழைய ஆப்பிள் கொட்டகை கிடந்துச்சுல்ல, அங்க. டாம்சின்னு ஒரு பொண்ணு அதை எடுத்து பீர் காய்ச்சுது. போதையே இல்லாத பீர்... போதை... இல்லாத... பீர்... யோவ், சிரிக்காத... சரி, சிரி. சிரிச்சுக்கோ. ஏழு மாசம் கழிச்சு உன் சிரிப்பைக் கேக்குறேன், நல்லாவே சிரி.

அப்புறம் ரெக்ஸ் ஏன் பாடுறான்னு கேக்குறியா? அதான்யா விஷயமே. நாலாவது கிளாஸ்ல அவனுக்கு நாக்கு குழறுது. அஞ்சாவதுல கார் சாவியை எடுத்து கிளைவ் கைல குடுத்துட்டான், "நான் ஓட்டுற நிலைமைல இல்ல, என் பொண்டாட்டிக்குத் தகவல் சொல்லிடு"ன்னு. அந்தப் பொண்ணு சிரிப்பை அடக்கிக்கிட்டு, சுவத்துல ஊதிப் பாக்குற மெஷின் வெச்சிருக்கு பாரு, அதுகிட்ட கூட்டிட்டுப் போச்சு. ஊதினான். பூஜ்யம். இன்னொரு தரம் ஊதினான். பூஜ்யம். மெஷின் ரிப்பேர்னு சண்டைக்கே போயிட்டான்யா. நான் ஊதினேன், பூஜ்யம். கிளைவ் அழுதுகிட்டே ஊதினான். அதுவும் பூஜ்யம்... ஆமா. ஆமா, நாப்பது வருஷமா நாம கிளப்புல பாடினதெல்லாம் பீரு பாடினது இல்ல போலருக்கு. நாமளேதான் பாடியிருக்கோம். எனக்கு மானமே போச்சு.

இரு, இரு, இதையும் கேளு. அந்தப் பொண்ணு ஆறு கிளாஸை வரிசையா வெச்சு, "இதுல எது நிஜ பீர், கண்டுபிடிங்க"ன்னுச்சு. நான் மூணாவதைக் காட்டினேன். அடிச்சுச் சொன்னேன், என் நாக்கு பொய் சொல்லாதுன்னு. ரெக்ஸ் கறுப்பா இருந்த ஒண்ணைக் காட்டினான், காப்பி கருகின மாதிரி ஒரு ருசி, நல்லாத்தான் இருந்துச்சு. கிளைவ் கடைசி கிளாஸ். மூணு பேரும் கத்துறோம். எது தெரியுமா நிஜ பீர்?... இல்ல... இல்ல... ஒண்ணுமே இல்லய்யா. ஆறும் போதையில்லாதது... ஆமா, நானேதான். போன வருஷம் இதைப் பாத்திரம் கழுவின தண்ணின்னு சொன்ன அதே நெவில்தான். வாயை மூடிக்கிட்டு உக்காந்துட்டேன். அஞ்சு நிமிஷம் மூடியே இருந்தேன், கிளைவைக் கேளு.

எப்படிச் செய்யுறாங்கன்னா... இல்ல, கேளேன், எனக்கு இப்ப எல்லாம் தெரியும். முளைகட்டின பார்லி, தண்ணி, கசப்புக்கு நம்ம ஊரு வேலிக்கு வேலி பூக்குதே அதே ஹாப்ஸ் பூ, எல்லாம் அதே சாமான்தான். ஈஸ்ட்டுலதான் சூட்சுமம் இருக்கு. நிஜ பீர்ல போடுற ஈஸ்ட்டு இருக்குல்ல, அது பந்திக்கு முந்துற ஆளு. சக்கரை ஒண்ணு விடாம தின்னு தீத்து, எல்லாத்தையும் சாராயமா மாத்திடும். இந்தப் பொண்ணு வெச்சிருக்கிறது வேற ஜாதி ஈஸ்ட்டு. ரெண்டு வாய் சாப்பிடும், போதும்னு படுத்துடும். மிச்ச சக்கரை முன்னாடியே கிடக்கும், தொடாது... பேரு சொன்னா, வாயில நுழையல. ரெக்ஸுக்குச் சொந்தம்னு நினைக்கிறேன், அவனும் ரெண்டு வாய் அள்ளிட்டுப் படுக்குற ஆளுதானே... கேட்டுட்டான். தொப்பியைத் தூக்கி எறியுறான்.

இன்னொரு வழியும் இருக்கு. நிஜ பீரையே காய்ச்சி, காத்தை உறிஞ்சி எடுத்த ஒரு பெரிய அண்டாவுல ஊத்தி லேசா சூடு காட்டுறாங்க. குளிக்கிற வெந்நீர் சூடு, அவ்வளவுதான். சாராயம் மட்டும் ஆவியாப் போயிடும், ருசி பெரும்பாலும் நின்னுடும். ரெக்ஸ் ரொம்பப் பணிவா, "போன சாராயம் எங்கம்மா போகுது?"ன்னு கேட்டான். குழாயைப் பிடிச்சுக்கிட்டே கொட்டகை பின்பக்கம் வரைக்கும் போயிட்டான். கண்ணாடி துடைக்கிற மருந்து செய்யுறவங்க எடுத்துட்டுப் போறாங்களாம். எழவு வீட்டுல நிக்கிற மாதிரி தொப்பியைக் கழட்டி நின்னான்யா.

...என்ன?... இல்ல, சும்மா... சும்மா இல்ல. சரி. சும்மா இல்ல.

கெல், நாங்க மூணு பேரும் ஊரைச் சுத்திப் பாக்க இங்க வரல. உனக்காகத்தான் வந்தோம்... இரு, வெச்சிடாத. சொல்லி முடிச்சிடுறேன்.

அந்த ஈஸ்ட்டைப் பத்தி அந்தப் பொண்ணு சொல்லச் சொல்ல, எனக்கு உன் ஞாபகம்தான் வந்துச்சு. ஈரல் டாக்டர் நிறுத்துன்னாரு, நீ அன்னிக்கே நிறுத்திட்ட. ஒரு முணுமுணுப்பு இல்ல. எங்களால முடிஞ்சிருக்காது. அதை நான் உங்கிட்ட ஒரு தடவைகூட சொல்லல.

சொல்லாததுகூடப் பரவால்லய்யா. ஈஸ்டருக்கு அடுத்த வெள்ளிக்கிழமை... ஆமா. ஆமா, அதேதான்... உனக்கு மறக்காதுன்னு தெரியும், எனக்கும் மறக்கல. ஆஸ்பத்திரிலேருந்து வந்து நீ முத நாள் கிளப்புக்கு வந்த. ரெக்ஸ் ஒரு ரவுண்டு வாங்கினான், உனக்கு லெமனேடு வந்துச்சு. கிளைவ் வாங்கினான், உனக்கு லெமனேடு வந்துச்சு. மூணாவது என் முறை. நாலு பேரு உக்காந்திருக்கோம். நான் மூணு கிளாஸைத் தூக்கிட்டு வந்து நின்னேன்.

...

இல்ல, குசும்புக்கு இல்ல. சத்தியமா இல்ல. கவுண்டர்ல நின்னு தலையை எண்ணினேன். ரெக்ஸ், கிளைவ், நான். அவ்வளவுதான் எண்ணினேன். நீ அங்க உக்காந்திருக்க, உன்னை விட்டுட்டேன். தண்ணியாவது ஒரு கிளாஸ் கொண்டுவந்திருக்கலாம். நீ கோட்டை எடுத்து மாட்டினப்பதான் எனக்கு உறைச்சுது. அப்பவே பின்னாடி ஓடி வந்திருக்கணும். வரல. வெக்கமா இருந்துச்சு. அப்புறம் போன் பண்ணினா நீ வெச்சிடுற, எனக்கு அதுவே சௌகரியமாப் போச்சு.

...லைன்ல இருக்கியா?... ம்... ம்... தப்புதான் கெல். மன்னிச்சுக்கோன்னு சொல்ல எனக்கு வராது, உனக்கே தெரியும். இப்ப சொல்றேன். மன்னிச்சுக்கோ.

...

இல்ல, அழுறது கிளைவ். நான் இல்ல.

கேளு, மொரீன் சொல்றா, வாரத்துல மூணு நாள் அந்தப் புல்லையே திரும்பத் திரும்ப வெட்டுறியாம். பூமி தெரியுதாம்யா... ஆமா, உன் பொண்டாட்டி மொரீன்தான். வேற எந்த மொரீன்?... மூணு வாரமாப் பேசிக்கிறோம்... யோவ், என் வயசைத்தான் சொன்னேனே, அந்த மாதிரிப் பேச்சு இல்ல. டாக்டர்கிட்ட கேக்கச் சொன்னேன், அவ கேட்டா. அந்தச் சோம்பேறி ஈஸ்ட்டு போட்டதுல துளியூண்டு சாராயம் இருக்கும், அது உனக்கு வேணாம். சாராயம் ஆவியாப் போனதுலயே சுத்தமா பூஜ்யம்னு எழுதினது ஒண்ணு இருக்கு, அதைத் தாராளமாக் குடிக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. கசப்பு கரெக்டா இருக்கு, நுரை நிக்குது. மூக்குகிட்ட கொண்டு போனா மழையில நனைஞ்ச ஹாப்ஸ் தோட்டம். ரெண்டு பெட்டி வாங்கி கார்ல ஏத்திட்டோம். கிளப்பு ஃபிரிட்ஜுல மேல் தட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டேன். இன்னிக்கு நாலு பேருக்கும் அதேதான். யாருக்கும் வேற கிடையாது.

நாளைக்குப் புல்தரையில பந்து உருட்டுற மேட்ச் வேற... ஆமா, மேல் ஊர்க்காரங்களோட. உன் இடத்துல ஒரு பல் டாக்டரைப் போட்டு ஆடிக்கிட்டிருக்கோம். ஒவ்வொரு பந்துக்கும் குனிஞ்சு, பல்லுக்குள்ள பாக்குற மாதிரி பாத்துட்டுத்தான் உருட்டுறான். ஆறு மேட்ச், ஆறும் தோல்வி. டீமுக்கு நாலு பேரு வேணும்யா. நாலாவது ஆளு நீதான், வேற யாரும் இல்ல.

வருவியா?

...

அஞ்சு மணிக்கு. இன்னிக்கு வெள்ளிக்கிழமைதானே... வரியா? நிஜமாவா?... சரி... சரி, சரி... என்ன?... மெதுவாச் சொல்லு, ரெக்ஸ் மறுபடி ஆரம்பிச்சுட்டான்... முத ரவுண்டு உன்னுதா? அட, எங்க முறையா இருக்கட்டும்யா... சரி, சரி, உன்னுதே... மூணு கிளாஸா? இல்லய்யா, நாலு. நீ, ரெக்ஸ், கிளைவ், நான். நாலு பேரு... மூணுதான் வாங்குவியா? ஏன், யாரு குடிக்க மாட்டே...

...

ஓ.

...ஆமா... ஆமா, நியாயம்தான்... ஆமாய்யா, சிரிக்காத, நியாயம்தான்... கெல்?... ஹலோ?... ஹலோ?...

வெச்சுட்டான். ரெக்ஸ், பாட்டை நிறுத்து. கிளைவ், மூக்கைத் துடை, வண்டியை எடு. வரான்யா... ஆமா, அஞ்சு மணிக்கு. முத ரவுண்டு அவன் வாங்குறான்... உனக்கு உண்டு, கிளைவுக்கு உண்டு... எனக்குக் கிடையாதாம். எனக்கு மட்டும் கிடையாதாம்யா.