ஒப்பந்தத்தில் எழுதாத கஞ்சி

பட்டாபிராமில் பாதிப் பேருக்கு எழுத்தறிவித்து, மீதிப் பேரை முட்டி போட வைத்த எங்கள் ஆசிரியை, இன்று இந்த அவையின் தலைவர், வரலட்சுமி அம்மையார் அவர்களே! எண்ணெய்க் கறை போகாத கைகளால் இந்த ஊரை ஆளாக்கிய ஆலைத் தோழர்களே! நெல் விளைந்த நிலத்தை ஆலைக்குத் தந்த முத்தாபுதுப்பேட்டைப் பெரியவர்களே! அடுப்பை அணைத்துவிட்டும், அணைத்தோமா என்று யோசித்துக்கொண்டும் வந்திருக்கும் தாய்மார்களே! சென்ட்ரலிலிருந்து ரயிலில் நின்றபடியே வந்து, இங்கும் நின்றபடியே இருக்கும் அடுக்குமாடி இளைஞர்களே! உங்கள் எல்லோருக்கும் என் சிரம் தாழ்ந்த வணக்கம்.

நான் மனோகரன். நம் அரசு ஆலையில் முப்பத்தாறு ஆண்டுகள் கடைசல் இயந்திரத்தின் முன்னால் நின்றவன். அதில் பதினோரு ஆண்டுகள் தொழிற்சங்கச் செயலாளன். ஆலையின் மருத்துவமனையை அறுபது ஆண்டுக் குத்தகைக்குத் தனியாரிடம் ஒப்படைக்கப் போகிறார்கள். ஆட்சேபம் சொல்ல நாளை மறுநாள் கடைசி நாள். அதற்காகத்தான் கூடியிருக்கிறோம்.

எனக்கு முன்னால் பேசிய தம்பி ஸ்ரீநாத், "எக்ஸ்ரே இயந்திரம் எட்டு மாதமாகத் தூங்குகிறது, தனியார் வந்தால்தான் விழிக்கும்" என்றார். உண்மை! தூங்குவது மட்டுமா, குறட்டையும் விடுகிறது. என்ன அங்கே சத்தம்? "அவன வுடு தலைவரே, நீ மேட்டர சொல்லு" என்கிறீர்களா? விடமாட்டேன் ஐயா. அந்தத் தம்பி வேறு யாருமல்ல. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதில் இதே மைதானத்தில், இதே போன்ற மேடையில் நின்ற நான்தான் அவர்!

அந்தக் காலத்தை நினைத்தால் நெஞ்சு இனிக்கிறது. காலை ஏழரைக்கு வாயிலை நோக்கி ஆயிரம் சைக்கிள்கள் போகும். ஆயிரம் மணிகள் அடிக்கும். ஆனாலும் யாரும் யாரையும் இடித்ததில்லை. ஆயுத பூசையன்று கதவு திறக்கும். எங்கள் பிள்ளைகள் உள்ளே ஓடி வந்து, "இதுதான் எங்கப்பா மெஷின்" என்று பொட்டு வைத்துவிட்டுப் போவார்கள். அரசின் இயந்திரம் என்று எந்தப் பிள்ளையாவது சொன்னதுண்டா? எங்கப்பா மெஷின்! அந்த உரிமையை எங்களுக்கு எழுதிக் கொடுத்தது யார்? எழுதாமலே இருந்ததய்யா, எழுதாமலே இருந்தது!

அந்த ஆலையில் ஒரு கேண்டீன். அதன் சாம்பாரைப் பற்றித்தான் அன்று நான் பேசினேன். "பருப்பைக் கண்டுபிடிக்க நீச்சல் தெரிந்தவர் தேவை, கத்தரிக்காயைக் கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் தேவை!" மைதானம் அதிர்ந்தது. கேண்டீனைக் காண்டிராக்டுக்கு விடு என்ற முழக்கம் வானைப் பிளந்தது. விட்டார்கள். ஒப்பந்தத்தை எழுத உட்கார்ந்தவர்களில் நானும் ஒருவன். வடை நாற்பது கிராம், தேநீர் நூறு மில்லி, சாம்பாரில் பருப்பு இத்தனை. ஒன்றையும் விடவில்லை என்று மார்தட்டினேன். காண்டிராக்டர் கெட்டவரா? இல்லவே இல்லை. நாற்பது கிராம் என்றால் நாற்பதுதான். எழுதியதை எல்லாம் செய்தார்.

மூன்றாம் வாரம் என் மனைவி கண்ணம்மாவுக்கு நம் மருத்துவமனையில் பெண் குழந்தை பிறந்தது. மறுநாள் காலை போய் நிற்கிறேன். "இன்னாங்க, மணி பத்தாவுது, கஞ்சி இன்னும் வர்லியே?" என்றாள். எனக்குச் சுரீர் என்றது.

புதிதாக வந்த தம்பிகளுக்குச் சொல்கிறேன். அந்நாளில் இங்கே எந்தத் தாய் பிள்ளை பெற்றாலும் மறுநாள் காலை எட்டு மணிக்குக் கேண்டீனிலிருந்து பூண்டுக் கஞ்சி வரும். பெயர் கேட்பதில்லை, பிரிவு கேட்பதில்லை. நாற்பது ஆண்டுப் பழக்கம். எந்த உத்தரவிலும் இல்லை, எந்தப் பதிவேட்டிலும் இல்லை. இல்லாததால் நான் எழுதவில்லை. நான் எழுதாததால் அவர் அனுப்பவில்லை. வடையை நிறுத்துப் பார்த்த நான், பிள்ளை பெற்றவளை மறந்துபோனேன்!

பத்தரைக்கு ஒரு தூக்குவாளி வந்தது. கொண்டுவந்தவர் ஞானம்மாள். கேண்டீனில் பதினாறு ஆண்டுகள் அடுப்படியில் நின்றவர். என் பேச்சால் வேலை போனவர். "கொயந்த பொறந்துகீதுன்னு இப்பதான் தெரியும் கண்ணம்மா. இந்தா, எங்க ஊட்டு அடுப்புல வச்சது, குடி" என்றார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றும் இருக்கிறது.

இப்போது மருத்துவமனைக்கு வருகிறேன். புதிய ஒப்பந்தத்தின் வரைவு நூற்றுப் பன்னிரண்டு பக்கம். இரண்டு முறை படித்தேன். எக்ஸ்ரே இருக்கிறது, ஏசி இருக்கிறது. செவ்வாய்க்கிழமை இருக்கிறதா? நிலம் தந்த ஊர்க்காரர்களுக்கு முதல் மேலாளர் வாய்வார்த்தையாகச் சொன்னது அது. செவ்வாயன்று யார் வந்தாலும் ஆலை ஊழியர் அட்டை கேட்காமல் பார்ப்பார்கள், படுக்க வைக்கவும் செய்வார்கள். வரைவில் அட்டை உள்ளவர் மட்டுமே நோயாளி. செவ்வாய் எங்கே? எந்தப் பக்கத்தில்? எந்த வரியில்?

போன செவ்வாயன்று மூச்சுத்திணறலோடு வந்து, பெண்கள் பிரிவில் சன்னலோரக் கட்டிலில் படுத்திருப்பவர் ஞானம்மாள். அவருக்கு அட்டை கிடையாது. அதைக் கிடைக்காமல் செய்தவன் உங்கள் முன்னால் நிற்கிறான். குத்தகை வந்தால் அவரைத் திருப்பி அனுப்புவார்கள். யாரும் கொடியவராக இருக்கத் தேவையில்லை, எழுதியதைச் செய்தாலே போதும்.

மாலை அவரைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். கூட்டத்தில் பேசப் போகிறேன் என்றேன். மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். "அன்னிக்கு சூப்பரா பேசுன நைனா. எங்களத்தான் கலாய்க்கிறன்னு தெரிஞ்சும் சிரிப்பு தாங்காம நானே கை தட்டிட்டேன். இன்னிக்கு கொஞ்சம் சுமாரா பேசு. கை தட்டிட்டு அல்லாரும் ஊட்டுக்குப் பூடப் போறாங்க" என்றார்.

ஆகவே, தட்டாதீர்கள்! உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், தட்டாதீர்கள்! மேடைக்குக் கீழே பெஞ்சில் ஆட்சேப மனு இருக்கிறது. கையெழுத்துப் போடுங்கள். கையெழுத்துக்கு மேலே, எந்தத் தாளிலும் இல்லாமல் அந்த மருத்துவமனை உங்களுக்குச் செய்த ஒன்றை, ஒரே ஒரு வரியாவது எழுதுங்கள். ஸ்ரீநாத் தம்பி, நீங்கள் எக்ஸ்ரேயை எழுதுங்கள், அதுவும் நியாயம்தான். சுமாராகப் பேசியவனைப் பொறுமையாகக் கேட்ட தலைவருக்கும் தாய்மார்களுக்கும் தோழர்களுக்கும் நன்றி, வணக்கம். பேனா வைத்திருப்பவர்கள் பக்கத்தில் இருப்பவருக்கும் கொடுங்கள்.