ஓர் ஆணி அளவு இரும்பு

எனக்குத் தேநீர் வேண்டாம், இன்ஸ்பெக்டர். அது சாப்பாட்டில் உள்ள இரும்பை உடம்பில் சேரவிடாது. மன்னிக்கவும், வேதியியல் ஆசிரியர் புத்தி. எங்கே உட்கார்ந்தாலும் பாடம் நடத்தும்.

மனித உடம்பில் இருப்பது மொத்தமாகவே ஓர் ஆணி அளவு இரும்புதான். அது இல்லாவிட்டால் ரத்தம் மூச்சுக் காற்றைச் சுமக்காது. ஆனால் கூடுதலாகச் சேர்ந்ததை வெளியே தள்ள உடம்புக்கு வழி தெரியாது. இதைச் சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள்.

அந்தக் கொட்டாவிக் கூட்டத்துக்குத் தலைவன் என் தம்பி. உடற்பயிற்சிக் கூடம் நடத்தினான். கண்ணாடி முன்னால் நின்று தன் புஜத்தைத் தானே ரசிக்கிற ஜாதி. ஒருநாள் என்னிடம் டியூஷன் படிக்க வந்த பிள்ளைகள் முன்னாலேயே சொன்னான்: "இரும்பைப் படிச்சா உடம்பு ஏறாது வாத்தியாரே, தூக்கினாத்தான் ஏறும்." எல்லாரும் சிரித்தார்கள். அம்மாகூடச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அப்புறம் அவனுக்கு அசதி வந்தது. ஆள்காட்டி விரல், நடுவிரல் மூட்டுகளில் வலி. அவ்வளவு பெரிய உடம்பு, ஊசியைக் கண்டால் மயங்கி விழும். கண்ணை இறுக மூடிக்கொண்டு பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தான். முடிவைக் கேட்டுவர என்னை அனுப்பினான்.

"நீயே போய்ட்டு வாண்ணா. எனக்கு அந்த வாடையே ஆகாது."

காரியம் ஆகவேண்டுமென்றால் மட்டும் அண்ணா.

டாக்டர் விளக்கினார். பரம்பரைக் கோளாறு; உடம்பு இரும்பைச் சேர்த்துக்கொண்டே போகிறது. அவ்வப்போது ரத்தம் எடுத்துவந்தால் நன்றாக வாழலாம். இரும்புச் சத்து மருந்து மட்டும் கூடவே கூடாது. "கூடப்பிறந்தவங்களுக்கும் இருக்கலாம். நீங்களும் ஒரு டெஸ்ட் எடுத்துடுங்க சார்" என்றார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவனும் நானும் ஒரே ரகமா?

வீட்டுக்கு வந்து, "உனக்கு ரத்தம் கம்மியாம்" என்றேன். இரும்பு டானிக் வாங்கி, தினமும் காலையில் என் கையாலேயே ஊற்றிக் கொடுத்தேன். ஊசி குத்தாமல் காப்பாற்றினேன் என்றும் சொல்லலாம். அவன் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தோல் கறுத்தபோது, வெயிலில் ஓடுவதால் என்று பெருமைப்பட்டான்.

தம்பி மனைவி மட்டும், "மாமா, இவருக்கு வயிறு வீங்கிட்டே போகுது, வேற டாக்டரைப் பார்க்கலாமா?" என்றாள்.

"நான் பாத்துக்கறேம்மா" என்றேன். பிற்பாடு அந்தப் பழைய டாக்டரைத் தேடிப்போய்க் கேட்டவளும் அவள்தான். அந்த வீட்டில் மூளையைச் செலவழித்த ஒரே ஆள்.

கல்லீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் மஞ்சளாகக் கிடந்தபோது தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணா, இன்னைக்கு டானிக் குடுக்கலியே."

கொடுத்தேன்.

ஆமாம், கொன்றது நான்தான். தெரிந்தேதான் செய்தேன். காகிதத்தைத் தாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். சில மாதங்களாக ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மடங்க மறுக்கின்றன. காலமெல்லாம் சாக்பீஸ் பிடித்த கை, வேறொன்றும் இல்லை.