ஆண்டாயி மாட்டு உண்ணிகள்

"ஹலோ... ஆண்டாயி அக்கா, உண்ணி ஆராய்ச்சி லேப்பு அறிவழகன் பேசுறேன்... ஆமாங்க, ஆமாங்க. மாடு எந்திரிக்குதா?... படுத்தேதான் கெடக்குதா. சரி, சரி. ஊசி எதுவும் போடல இல்ல?... நல்லது."

நல்லதாம். சாகக் கிடக்கும் மாட்டுக்கு ஊசி போடாததை நல்லது என்று சொல்ல ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். அது அறிவழகனிடம் இருந்தது. கல்லங்குறிச்சி ஆண்டாயிக்கு அது ஒரே கறவை மாடு. உண்ணியைப் பிடுங்காதே, மருந்து தெளிக்காதே என்று அவன் சொன்னதை ஒரு மாதமாகத் தட்டாமல் கேட்டிருந்தாள். அவனோ ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, ஜீப்புக்குள் பொருமிக்கொண்டிருந்தான்.

"இல்லக்கா, எங்க கிருமிய உங்க மாட்டுல வுடவே இல்ல... அது லேப்ல பூட்டிக் கெடக்கு. ஜீனை மாத்தி, மைக்ராஸ்கோப்புல பச்சையா மின்னுற மாதிரி பண்ணிருக்கோம். அத உங்க மாட்டு உண்ணிக்குள்ள வுட்டு, காய்ச்சல் எந்த வழியா பரவுதுன்னு பாக்கணும்... ஆமா, ஆமா. ஊசி போட்டா மருந்து ரத்தத்தோட உண்ணிக்குள்ள போயிடும். எங்க கிருமி செத்துடும்... மாடா?... நான் வந்து உண்ணிய எடுத்ததும் ஊசி போட்டுக்கலாங்க்கா."

"ரத்த ரிசல்ட்டா?... வந்துச்சு... ஒம்போது நாளாச்சு... உண்ணிக் காய்ச்சல்தான்... சொல்லிருந்தா அன்னைக்கே டாக்டர கூட்டியாந்திருப்பீங்க. உண்ணி நல்லா ரத்தம் குடிச்சு உப்பணும்ல... அழுவாதீங்க, எனக்கு ஒண்ணுமே கேக்கல... என்னது?... எப்ப?... இப்பவா?"

அறிவழகனுக்குப் பதறியது. மாட்டுக்காக இல்லை. செத்த மாட்டின் உடம்பு ஆறினால் உண்ணிகள் கழன்று எங்காவது போய்விடும். ஆறு வருட ஆராய்ச்சி அவற்றை நம்பித்தான் இருந்தது.

"அக்கா, அப்புறம் அழுவலாம். சூடு இருக்கறப்பவே காது, மடி, வால் அடியில எல்லாம் பாத்து எடுத்து, நான் குடுத்த டப்பால... எடுத்துட்டீங்களா? எல்லாத்தையுமா?... தங்கமான ஆளுக்கா நீங்க. ஒண்ணும் நசுங்கலையே?... லாரி நகந்துட்டான், பத்து நிமிசத்துல வந்துடறேன்... அது என்ன சத்தம், பட்டு பட்டுனு? கடுகு தாளிக்கிறீங்களா?..."

"அடுப்புலயா?... ஏய் ஆண்டாயி, எடுறி வெளிய... ஆறு வருசம்டி... ஆண்டாயி..."

அவள் போனை வைக்கவில்லை. அடுப்புப் பக்கமாகவே பிடித்திருந்தாள் போலிருக்கிறது. கடைசி உண்ணி வெடிக்கும் வரை அறிவழகன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். அதன் பிறகே லைன் கட்டானது.