பொன்னி அரிசிக்குள் ஒரு தோட்டா

வேலுமணி: போட்டோ மாட்டறதுக்கு எதுக்குடா இவ்வளவு பெரிய டப்பா புட்டி?

கிட்டுசாமி: என்ன?

வேலுமணி: புட்டி. சுவத்துல பூசற மாவு. இதைவிடச் சின்ன டப்பாவும் கடையில இருந்துச்சு. நீதான் பெருசா வாங்கிட்டு வான்னு போன்ல அந்தக் கத்து கத்துன.

கிட்டுசாமி: கத்துனனா? எனக்கு மெதுவாப் பேசின மாதிரிதான் இருந்துச்சு. காது ரெண்டும் கொய்ங்னு அடைச்சுக் கெடக்குது.

வேலுமணி: சளியா?

கிட்டுசாமி: சளி மாதிரிதான்... செருப்பக் கழட்டிட்டு மேல வா. வள்ளி வெண்பாவ டான்ஸ் கிளாசுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கறா. நாலரைக்கு வந்துருவா. இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்குது.

வேலுமணி: இங்கதான் உக்காந்து வேலை பாக்கறயா? நல்ல வெளிச்சமா... கிட்டு, மானிட்டருக்குப் பின்னால என்ன அது?

கிட்டுசாமி: ஓட்டை.

வேலுமணி: ஆணி அடிச்சியா?

கிட்டுசாமி: ஆணின்னே வெச்சுக்கயேன்.

வேலுமணி: ஆணி அடிச்சா ரூம் பூரா தீபாவளி வாசம் அடிக்காதுடா.

கிட்டுசாமி: ஜன்னலெல்லாம் தொறந்துதான் வெச்சேன்.

வேலுமணி: துப்பாக்கி வெடிச்சிருச்சா?

கிட்டுசாமி: வெடிச்சிருச்சு. எப்படின்னு மட்டும் கேக்காத.

வேலுமணி: உனக்கு ஒண்ணும் ஆகலியே?

கிட்டுசாமி: காது மட்டும்தான். ஊட்டுல வேற யாரும் இல்ல.

வேலுமணி: பக்கத்து ஊட்டுல?

கிட்டுசாமி: ஆர்யனோட அப்பா வந்து கதவத் தட்டுனாரு. குக்கர் வெடிச்சிருச்சுன்னேன். என்ன பருப்புன்னாரு. தொவரம்பருப்புன்னேன். அது கொஞ்சம் அப்படித்தான்னுட்டுப் போயிட்டாரு.

வேலுமணி: நல்ல மனுசன். செரி, கத்தி குடு, பூசிட்டு நான் கெளம்பறேன்.

கிட்டுசாமி: இருடா. ஓட்டை இங்க இருக்குது. குண்டு இங்க இல்ல.

வேலுமணி: இல்லைன்னா?

கிட்டுசாமி: சுவத்துக்கு அக்கட்ட போயிருச்சு.

வேலுமணி: நீ ஹாலோ பாயிண்ட் குண்டுதான வாங்குன?

கிட்டுசாமி: உன்ற பேச்சக் கேட்டுத்தான் வாங்குனேன். மூக்குல குழி இருக்கும், பட்ட எடத்துல பூ மாதிரி விரிஞ்சு அங்கியே நின்னுக்கும்னு சொன்னது யாரு?

வேலுமணி: சொன்னேன். ஆனா...

கிட்டுசாமி: மூணு வாரம் எக்செல் போட்டேன்டா. உருண்டை மூக்கு ஒரு காலம். குழி மூக்கு ஒரு காலம். குழிக்குள்ள ரப்பர் வெச்சது ஒரு காலம். சுட்டுப் பாக்கறதுக்குன்னு வெக்கற ஜெல்லுக்குள்ள எத்தனை இஞ்ச் போகுது, எவ்வளவு அகலம் விரியுது, நின்னதுக்கு அப்பறம் எடை எவ்வளவு மிஞ்சுது. யூடியூப்ல அறுபது வீடியோ. எல்லாத்துலயும் பச்சை வந்தது இது ஒண்ணுதான். உருண்டை மூக்குன்னா திருடனையும் தாண்டி அடுத்த ரூமுக்குப் போயிரும், புள்ளை இருக்கற ஊட்டுக்கு ஆகாதுன்னு நீதான சொன்ன?

வேலுமணி: திருடனச் சுட்டாத்தான் விரியும். நீ சுவத்தச் சுட்டிருக்கற.

கிட்டுசாமி: குண்டுக்கு என்ன தெரியும், அது திருடனா சுவரான்னு?

வேலுமணி: தெரியும்டா. ஒடம்புல ஈரம் இருக்குது. அந்த ஈரம் குழிக்குள்ள ஏறி அமுக்கும், அதுல இதழு பிரியும். ஜெல்லும் அதே கணக்குத்தான். இந்த அமெரிக்கா ஊட்டுச் சுவரு வெறும் காஞ்ச மாவு. மாவு போய்க் குழிய அடைச்சுக்கும். அடைச்சதுக்கு அப்பறம் அதுவும் உருண்டை மூக்குதான். நிக்காமப் போயிட்டே இருக்கும்.

கிட்டுசாமி: இத ஏன்டா அன்னைக்கே சொல்லல?

வேலுமணி: அன்னைக்கு எனக்கும் தெரியாது. அப்பறம்தான்... அனுபவப்பட்டவங்க எழுதியிருந்தாங்க. படிச்சேன்.

கிட்டுசாமி: எக்செல்ல சுவத்துக்குன்னு ஒரு காலமே இல்லையேடா.

வேலுமணி: அதுதான் உன்ற கெட்ட காலம். வா, அந்தப் பக்கம் என்ன ரூமு?

கிட்டுசாமி: கெஸ்ட் ரூம். பாத்து வா. சேல் போட்டான்னு வள்ளி நாலு மூட்டை பொன்னி வாங்கி அந்தச் சுவத்தோரமா அடுக்கியிருக்கறா.

வேலுமணி: மூட்டை இந்தப் பக்கத்துச் சுவத்த மறைக்குது. பரவால்ல, குண்டு நேராத்தான் போயிருக்கும். நீ அங்க உக்காந்திருந்த, இந்த ஒசரம்... எதிர்ல காலண்டர் மாட்டியிருக்கற எடம்.

கிட்டுசாமி: காலண்டர் நல்லாத்தான இருக்குது.

வேலுமணி: தூக்கிப் பாக்கறேன் இரு.

கிட்டுசாமி: என்ன இருக்குது?

வேலுமணி: ஓட்டைதான்.

கிட்டுசாமி: அந்தச் சுவத்துக்கு அக்கட்ட வெண்பா ரூம்டா.

வேலுமணி: செரி, பதறாத. அவ கிளாஸ்லதான இருக்கறா. நட, போய்ப் பாக்கலாம்.

கிட்டுசாமி: நீ போய்ப் பாத்துட்டு வா.

வேலுமணி: கிட்டு, வா.

கிட்டுசாமி: ...கட்டில்கிட்ட ஏதாச்சு இருக்குதா?

வேலுமணி: தலமாட்டுக்கு ஒரு அடி மேல யூனிகார்ன் ஸ்டிக்கர் ஒட்டியிருக்குது. அதுக்கு அடியில தடவிப் பாத்தாக் குழியா இருக்குது.

கிட்டுசாமி: ஒரு அடி மேலயா?

வேலுமணி: ஒரு அடி.

கிட்டுசாமி: அவ படுக்கைலயே உக்காந்து படிப்பாடா. உக்காந்தா அந்த ஒசரத்துக்குத்தான் தலை வரும்.

வேலுமணி: தண்ணி குடி.

கிட்டுசாமி: திருடன் வந்தா ஊட்டக் காப்பாத்தணும்னு வாங்குனேன். பின் தெருவுல பட்டப்பகல்ல பூந்து நகைய அள்ளிட்டுப் போனானா, வள்ளிக்குத் தூக்கமே இல்ல. அதுக்காகத்தான் வாங்குனேன்.

வேலுமணி: எனக்குத் தெரியாதா? குடி. ஆனா கிட்டு, எனக்கு ஒண்ணு புரியல. சுவத்துல ஓட்டை இருக்குது. ஸ்டிக்கர்ல ஓட்டை இல்ல.

கிட்டுசாமி: அதனால?

வேலுமணி: அங்கயும் காலண்டர்ல ஓட்டை இல்ல. குண்டு என்ன, காலண்டரத் தூக்கிட்டுப் பூந்து திரும்பக் கீழ எறக்கி வெச்சுட்டா போகும்?

கிட்டுசாமி: வெலகிப் போயிருக்கும். காத்துல ஆடியிருக்கும்.

வேலுமணி: இங்க மோந்து பாரு.

கிட்டுசாமி: சுவத்தயா?

வேலுமணி: பாரு.

கிட்டுசாமி: ...பல்லு வெளக்குன வாசம்.

வேலுமணி: டூத்பேஸ்ட். யாரோ அடைச்சிருக்கறாங்க. காஞ்சு போச்சு. இது இன்னைக்குப் பட்ட ஓட்டையே இல்ல.

கிட்டுசாமி: ஊட்டக் கட்டுனவன் அடைச்சிருப்பான்.

வேலுமணி: புதினா பேஸ்ட்லயா? கெஸ்ட் ரூமுக்குத் திரும்பி வா. உன்ற குண்டு எங்கன்னு மொதல்ல பாக்கலாம். ...கால்ல என்னடா நறநறங்குது?

கிட்டுசாமி: அரிசி. மூட்டைல இருந்து கொட்டுது.

வேலுமணி: புடி, மூட்டையத் திருப்பு. இங்க பாரு பொத்தல். கைய உட்டுத் துழாவு.

கிட்டுசாமி: மெதுவாப் புடிடா, பூராக் கொட்டுது. ...ஆப்டுருச்சு.

வேலுமணி: காட்டு. பாத்தியா, ஒரு இதழு விரியல. குழி பூரா வெள்ளை மாவு. நான் சொன்னனா இல்லையா?

கிட்டுசாமி: சுவத்துக்கு அடங்காதது அரிசிக்கு அடங்கிருச்சு.

வேலுமணி: நல்ல பொன்னி.

கிட்டுசாமி: லொள்ளு பேசற நேரமா இது? என்ற குண்டு இங்க இருக்குதுன்னா, அந்தச் சுவத்துல போனது எது?

வேலுமணி: சில சமயம் குண்டு ரெண்டாப் பிரியும். மேல மூடியிருக்கற செம்பு தனியா, உள்ள இருக்கற ஈயம் தனியா...

கிட்டுசாமி: இது முழுசா இருக்குது.

வேலுமணி: இருக்குது. நீ எத்தனை தடவை சுட்ட?

கிட்டுசாமி: ஒரு தடவை.

வேலுமணி: நல்லா ரோசனை பண்ணிச் சொல்லு.

கிட்டுசாமி: இதுல ரோசனை பண்ண என்னடா இருக்குது? ஒரு தடவைக்கே சேர்ல இருந்து கீழ விழுந்துட்டேன்.

வேலுமணி: மொத்தம் எத்தனை குண்டு வாங்குன?

கிட்டுசாமி: ஒரே டப்பா. இருபது.

வேலுமணி: இன்னைக்கு ஒண்ணு போச்சு. பத்தொம்போது இருக்கணும். எண்ணு.

கிட்டுசாமி: டப்பால பத்து. துப்பாக்கி மேகசின்ல... எட்டு.

வேலுமணி: இன்னொரு தடவை எண்ணு.

கிட்டுசாமி: எண்ணிட்டேன். பதினெட்டுத்தான்.

வேலுமணி: சேஃப்லதான வெச்சிருக்கற? நம்பர் என்ன போட்டிருக்கற?

கிட்டுசாமி: வெண்பா பொறந்த நாளு.

வேலுமணி: அது யாராருக்குத் தெரியும்?

கிட்டுசாமி: எனக்கு, வள்ளிக்கு... வேலுமணி, அவளுக்கு ஒம்போது வயசுடா.

வேலுமணி: அவளா இருக்காது.

கிட்டுசாமி: யூனிகார்ன் ஸ்டிக்கர். டூத்பேஸ்ட். பெரியவங்க யாரு இப்படிப் பண்ணுவாங்க?

வேலுமணி: சத்தம் கேட்டிருக்குமே.

கிட்டுசாமி: நான் கூபர்டினோ போயிருந்தனே ஒரு வாரம், கிளையண்டப் பாக்க. வள்ளியும் பால் வாங்கக் கடைக்குப் போயிருப்பா... கைய உட்டு எடுத்திருந்தா... கடவுளே.

வேலுமணி: கராஜ் கதவு தொறக்கற சத்தம் கேக்குது.

கிட்டுசாமி: நாலரைன்னாளே.

வேலுமணி: அரிசிய அள்ளு. இல்ல, நீ மூட்டைய மூடு, நான் அள்ளறேன். டிவி மாட்டறம்னு சொல்லிக்கலாம்.

வள்ளி: ஏனுங்க, மேலயா இருக்கறீங்க? டீச்சருக்குக் காய்ச்சலாம், சீக்கிரமே உட்டுட்டாங்க. ...அட, வேலுமணியண்ணா. வாங்க. எப்ப வந்தீங்க?

வேலுமணி: இப்பத்தான் அம்மிணி. சும்மா. டிவி ஒண்ணு மாட்டலாம்னு...

வள்ளி: கெஸ்ட் ரூமுக்கா? டிவி எங்கீங்க?

வேலுமணி: அது இனிமேத்தான் வாங்கோணும்.

வள்ளி: ஏன் ரெண்டு பேரும் அரிசில உக்காந்திருக்கறீங்க?

கிட்டுசாமி: வெண்பா எங்க?

வள்ளி: ஸ்ம்ருதி ஊட்டுல வெளையாடறேன்னு எறங்கிட்டா. ஏனுங்க, முகமெல்லாம் வெளுத்துக் கெடக்குது? என்ன ஆச்சு?

கிட்டுசாமி: வள்ளி, உக்காரு. நீ என்ன வேணா திட்டு. நான் துப்பாக்கிய க்ளீன் பண்ண எடுத்து, மேல் பக்கத்த ஒரு தடவை இழுத்து உட்டுப் பாத்தேன். மேகசினக் கழட்டிட்டா உள்ள காலின்னு நெனச்சுட்டேன். ஒண்ணு உள்ளயே நின்னிருக்குது. வெடிச்சிருச்சு. சுவத்தத் தாண்டி வந்து அரிசில நின்னுச்சு. யாருக்கும் ஒண்ணுமில்ல. அத உடு. குண்டு ஒண்ணு கொறையுது. வெண்பா கட்டிலுக்கு மேல ஒரு ஓட்டை இருக்குது. நான் ஊர்ல இல்லாதப்ப புள்ளை சேஃபத் தொறந்திருக்கறா. அவளை அடிக்காத, மெரட்டாத. மெதுவாக் கேளு. தப்பு அவளோடதில்ல, நம்பர வெச்சவன் நான்.

வள்ளி: அவ தொறக்கலீங்க.

கிட்டுசாமி: உனக்கு எப்படித் தெரியும்?

வள்ளி: நான்தான் தொறந்தேன்.

கிட்டுசாமி: நீயா?

வள்ளி: நீங்க கூபர்டினோ போன வாரம். வெண்பா ஸ்கூலுக்குப் போயிருந்தா. மத்தியானம் ரெண்டு மணி இருக்கும், ஒருத்தன் பெல்லடிச்சான். நான் தொறக்கல. அவன் பக்கவாட்டுல போயி ஜன்னல் ஜன்னலாப் பாத்துட்டு நின்னான். ஓடிவந்து துப்பாக்கிய எடுத்து, மேல் பக்கத்த இழுத்துக் குண்ட உள்ள ஏத்திட்டு, இந்த ரூம்ல கதவச் சாத்திட்டு நின்னுட்டே இருந்தேன். கடைசில பாத்தா எறும்பு மருந்து அடிக்கறவன். கதவுல நோட்டீஸ ஒட்டிட்டுப் போயிட்டான். திரும்ப உள்ள வெக்கலாம்னு மேகசினக் கழட்டுனேன். நானும் காலின்னுதான் நெனச்சேன். அவசரத்துல வெரலு பட்டுருச்சு.

கிட்டுசாமி: ஏன் என்கிட்டச் சொல்லல?

வள்ளி: எப்படிச் சொல்லறது? குண்டு எங்க போய் எப்படி நிக்கும்னு மூணு வாரம் எனக்குப் பாடம் எடுத்தீங்க. துப்பாக்கி காலியா இல்லையான்னு எப்படிப் பாக்கறதுன்னு நீங்களும் கத்துக்கல, எனக்கும் சொல்லித்தரல. புள்ளை கட்டிலுக்கு மேல ஓட்டையப் பாத்துட்டு அன்னைக்கு எத்தனை நேரம் தரைல உக்காந்திருந்தேன்னு எனக்கே தெரியாது.

வேலுமணி: அம்மிணி... அந்தக் குண்டு எங்க?

வள்ளி: அவ புக் ஷெல்ஃப்ல, ஸ்பெல்லிங் பீ போட்டி டிக்‌ஷனரிக்குள்ளீங்கண்ணா. எஸ் எழுத்து வரைக்கும் போய் நின்னிருந்துச்சு.

வேலுமணி: விரிஞ்சிருந்துச்சா?

கிட்டுசாமி: டேய்.

வேலுமணி: இல்லடா, சும்மா ஒரு இதுக்குக் கேட்டேன்.

கிட்டுசாமி: போதும். எனக்கு இனி இது இந்த ஊட்டுல வேண்டாம். திங்கக்கிழமை கடைல திருப்பிக் குடுத்தர்றேன். பாதி வெலைக்கு எடுத்தாலும் செரி. அது வரைக்கும்... வேலுமணி, நீ எடுத்துட்டுப் போ. உன்ற ஊட்டுல பெரிய சேஃப் இருக்குது, உனக்குப் பழக்கமும் இருக்குது. அங்க பத்திரமா இருக்கும்.

வள்ளி: அங்க வேண்டாங்க.

கிட்டுசாமி: ஏன்?

வள்ளி: அன்னைக்கு யார்கிட்டச் சொல்லறதுன்னு தெரியாம இந்தண்ணன் சம்சாரம் ரோஷினி அண்ணிக்குத்தான் போன் பண்ணி அழுதேன். அழுகாத வள்ளி, உங்க அண்ணன் எங்க ஊட்டுல இதுவரைக்கும் மூணு ஓட்டை போட்டிருக்கறாரு, நான் ஃப்ரிட்ஜ நகத்தி நகத்தி மறைச்சுட்டு இருக்கறேன்னு சொன்னாங்க.

கிட்டுசாமி: வேலுமணி?

வேலுமணி: மூணு இல்லடா, ரெண்டுதான். மூணாவது ரோஷினி போட்டது.