ரெண்டாவது முங்கு

எழுபதுகளில் ஒரு காலை, தூத்துக்குடி டவுன் பஸ். என் பின்சீட்டில் ஒரு அக்காளும் தங்கையும்.

"குழந்தை உண்டாகதுக்குப் பாக்குத டாக்டரம்மா மறுபடி வரச் சொன்னாவள்லா, ஏன் போகல?"

"ஒருதடவ போயும் ஒண்ணும் தங்கலையே, அக்கா."

"ஏளா, ஒரு முங்குல சங்கு கிடைக்கலன்னா ஒம்புருசன் கரைக்குத் திரும்பிருவாரா?"

"அவருக்கும் டெஸ்ட் பண்ணணுமாம். வரமாட்டேங்காரு."

"சுறாவுக்குப் பயப்படாதவரு சின்ன குப்பிக்குப் பயப்படுதாராக்கும்! கடல்ல அவரு முங்கும்போது மேல கயிறு பிடிக்கது நம்ம தம்பிதான? அதே கயித்துல கட்டி ஆஸ்பத்திரிக்கு இழுத்தாரச் சொல்லுதேன்."

"மெதுவா பேசுக்கா, அவரு முன்சீட்டுலதான் இருக்காரு."

"தெரிஞ்சுதான் பேசுதேன்."

பஸ்ஸே சிரித்தது.

"ஆஸ்பத்திரி யாரும் உண்டா?" என்றார் கண்டக்டர்.

முன்சீட்டில் ஒருவர் தலையைக் குனிந்தபடி எழுந்தார்.

"நானும் எம்பொண்டாட்டியும் ரெண்டு பேரு இறங்கணும் அண்ணாச்சி. அவ பக்கத்துல இருக்க எங்க மதினிய மட்டும் இறக்கிராதிய."