பழைய டயர் மாட்டின கழுதை

— என்னக்கா, கைக்கட்டை மறுபடியும் அவுக்கற? இது மூணாவது தடவ.

— இறுக்கமாயிடுச்சு. கையை ஆட்டாத.

— இருபத்தாறு சண்டைக்கு நீதான் கட்டிவிட்டிருக்க. ஒரு நாளும் இப்படித் தடுமாறினதில்ல. கூண்டுக்குள்ள போய் அடி வாங்கப்போறது நான். உனக்கு என்ன ஆச்சு?

— வயசாகுதில்ல.

— முப்பத்தெட்டெல்லாம் ஒரு வயசா? சும்மா இரு. அதிகாரி வந்து கட்டு மேல கையெழுத்துப் போட்டுட்டா அப்புறம் நீ தொடக்கூடாது. சீக்கிரம் சுத்து.

— அதான்டா யோசிக்கிறேன்.

— என்ன யோசனை?

— இன்னிக்கு உன்கூட மோதறானே தச்சன், அவனோட வலது கால். போன சண்டையில தலைக்கு ஒரே உதை. வாங்கினவன் இன்னும் படுக்கையிலதான் கெடக்கான். பொண்டாட்டியப் பாத்து யாருன்னு கேக்கறானாம்.

— அவன் கையை இறக்கினான், வாங்கினான். நான் என்ன கேனையா? உதை இடது பக்கம் வரும். அந்தப் பக்கக் கண்ணு செத்துப்போச்சு, அது நம்ம ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். நீ வெளிய நின்னு ‘கதவு’ன்னு கத்து, நான் கையைத் தூக்கிடறேன். ரெண்டு வருஷமா அப்படித்தானே ஓட்டறோம்?

— ஓட்டறோம். அந்தப் பாவத்துல எனக்கும் பாதி.

— பாவமாவது புண்ணியமாவது! வலது கண்ணு ஒண்ணு போதும்க்கா. இன்னிக்கு ஜெயிச்சா பட்டம். அதோட நிறுத்திடறேன், உன் தலை மேல சத்தியம்.

— போன வருஷமும் என் தலைதான் கெடச்சுது உனக்கு. ஏன்டா, மத்தியானம் தண்ணி பாட்டில நீட்டினேனே, காத்தைப் பிடிச்சியே?

— வெளையாட்டுக்கு. உடனே மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத. காலைல கண்ணு டெஸ்ட்ல டாக்டர்கிட்ட எப்படி அசத்தினேன் பாத்தியா? நீயும் கதவோரம் நின்னுட்டுதானே இருந்த.

— பாத்தேன்.

— வலது கண்ணைப் பொத்தச் சொன்னாரு. செத்த கண்ணுக்கு என்ன தெரியும், எல்லாம் இருட்டு. நீ சொல்லிக்குடுத்ததை மனசுக்குள்ள ஓட்டினேன். பழைய டயர் மாட்டின கழுதை ரயில் தேடுச்சு. ப, ட, ம, க, ர, த! ஒரு எழுத்து பிசகல. நல்லவேளை, எல்லா வருஷமும் சுவத்துல அதே எழுத்து அட்டைய மாட்டறாங்க.

— அப்புறம்?

— அப்புறம் இடதைப் பொத்தினேன். வலது கண்ணால ஜம்முனு படிச்சேன். அதுக்குக் கழுதையும் வேணாம், ரயிலும் வேணாம்.

— படிச்சியா?

— ஏன் அப்படிக் கேக்கற? காலைலேருந்து நீ சரியில்ல.

— எப்படிக் கேக்கறதுன்னு தெரியலடா.

— கேளு, இப்ப கேளு. ஏய், கையில சில்லுனு என்ன, கத்திரிக்கோலா? கட்டை வெட்டாத! அதிகாரி வர்றாருக்கா, செருப்புச் சத்தம் கேக்குது.

— வரட்டும். அவர் முன்னாடியே சொல்றேன். நீ முதல்ல வலதைப் பொத்தினப்ப அந்த ஃபேன் காத்துல அட்டை கீழ விழுந்து அலமாரிக்குப் பின்னால போயிடுச்சு. டாக்டர் குனிஞ்ச தலை நிமிராம எழுதிட்டிருந்தாரு. எனக்குச் சிரிப்புகூட வந்துச்சு, ஒண்ணுமில்லாத சுவரைப் பாத்து என் தம்பி எப்படி ஒப்பிக்கறான்னு.

— அதனால என்ன? தப்பிச்சோம்ல?

— அப்புறம் அந்த நல்ல கண்ணைத் திறந்து, ஜம்முனு படிச்சேன்னியே, அப்பவும் சுவத்துல வெறும் ஆணிதான்டா இருந்துச்சு.