முதுகுக்கடியில் ஒரு மஞ்சள் துணி

நடக்க இயலாதவர்க்கு நடையாகவும், கேட்க இயலாதவர்க்குச் செவியாகவும், தனித்திருப்பவர்க்குத் துணையாகவும் இந்தத் தீவில் இருபத்தெட்டு ஆண்டுகள் நின்று, இன்று மாலையோடு பேரிடர் ஆயத்த அலுவலகத்திலிருந்து பணி ஓய்வு பெறும் எங்கள் அக்கா அவர்களே, ஊரார் வாயில் ‘ஒத்திகையம்மா’ ஆனவரே, வணக்கம்.

புகழ்ந்து எழுதினால் பாதியிலேயே எழுந்துபோய்விடுவேன் என்று மிரட்டியிருக்கிறீர்கள். ஆகவே புகழ்ச்சியைக் குறைத்துக்கொண்டு, தங்கள் வேலை எப்படி இயங்குகிறது என்று சொல்லிவிடுகிறோம். இங்கே அமர்ந்திருப்பவர்களில் பலர் தங்களால் தூக்கிச் செல்லப்பட்டவர்கள். எப்படித் தூக்கப்பட்டோம் என்பது அவர்களுக்கே தெரியாது.

புயல் எச்சரிக்கை வந்தால் ஓடக்கூடியவர்கள் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிடுவார்கள். ஓட முடியாதவர்களைக் கொண்டுசேர்ப்பது தங்கள் பொறுப்பு. காது கேளாத தம்பதிக்குச் சங்கொலி பயன்படாது. அதனால் பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து அவர்கள் கட்டில் காலுக்கு ஒரு கயிறு கட்டினீர்கள். இழுத்தால் கட்டில் ஆடும், விழித்துக்கொள்வார்கள். படியில் நாற்காலியோடு ஒருவரை இறக்கும்போது கால் முன்னே, முதுகு பின்னே சாய்ந்திருக்க வேண்டும் என்றீர்கள். அப்போதுதான் கவிழப்போகிறோம் என்ற பயம் அவருக்கு வராது. ஒத்திகைக்கு மணல் மூட்டையைத் தூக்கினால் போதாதா என்று கேட்டோம். “மூட்டை பயப்படாதுப்பா. பயப்படுற ஆளைத் தூக்கிப் பழகு” என்றீர்கள். ஆகவே ஆண்டுதோறும் பருமனான வாத்தியாரைத் தூக்கினோம். “என்னைத் தூக்குற நேரத்துல அந்தக் கடலைக் கொஞ்சம் தள்ளி வைங்கடா” என்பார் அவர், ஒவ்வொரு ஆண்டும்.

இனி, மஞ்சள் துணி. கதவு சாத்திய வீட்டுக்குள் ஆள் இருக்கிறாரா என்று வெளியிலிருந்து தெரியாது. காலியான வீட்டைத் தட்டிக்கொண்டு நிற்கும் நேரம், அடுத்த தெருவில் மூச்சுக்குத் திணறுபவரிடமிருந்து பறித்த நேரம். எனவே ஆளை வெளியேற்றியதும் வாசல் கேட்டில் மஞ்சள் துணி கட்டவேண்டும் என்று முறை வைத்தீர்கள். மழையின் சாம்பல் நிறத்தில் கடைசிவரை கண்ணில் படுவது மஞ்சள்தான். துணியின் கீழோரத்தில் வலைக்குக் கட்டும் ஈயக் குண்டு ஒன்று இருக்கும். இல்லாவிட்டால் காற்று துணியைச் சுருட்டிக் கம்பியோடு ஒட்டிவிடும்.

அத்தனை துணிகளையும் தைத்தவர் படகுத்துறைத் தெருவின் தையற்கார அம்மா. முதுகெலும்பில் அடிபட்டுப் படுக்கையில் கிடந்த எஞ்சின் மெக்கானிக்கின் மனைவி. ஒத்திகையில் அவரைப்போல் கற்றுக்கொண்டவர் எவருமில்லை.

ஒத்திகையில் ஒரு சிறு தொல்லை இருந்தது. ஆளைத் தூக்கியபின் தூக்குபவர்களின் கை ஒழியாது. வீட்டாரின் கையில் மருந்துப்பை. “ரெண்டு கையும் மாட்டிக்கிது. துணியை முதல்லயே கட்டிட்டு வந்துடலாமே” என்றார் எங்களில் ஒருவர். எல்லாருக்கும் அது சரியாகவே பட்டது. வெயில் நாளில், தூக்குபவர்கள் ஏற்கெனவே அறைக்குள் நிற்கும்போது, முதலில் கட்டினால் என்ன, கடைசியில் கட்டினால் என்ன? அப்படியே பழகினோம். அப்படியே அவரும் பழகினார்.

பெரும்புயல் வந்த அன்று மதியம், கற்றபடியே, முதலில் துணியைக் கட்டிவிட்டு உள்ளே போய்க் கணவரருகில் எங்களுக்காகக் காத்திருந்தார். கடல்நீர் ஏறிய அந்தத் தெருவுக்குள் எங்கள் படகு வந்தது. கேட்டில் மஞ்சள் தெரிந்தது. “இங்க ஆச்சு. அடுத்த வீடு” என்றது தங்கள் குரல். உள்ளேயிருந்து அவர் கத்தியது காற்றில் கேட்கவில்லை. தண்ணீர் கட்டிலுக்கு மேல் ஏறியது. கணவரின் தலையைத் தம் தோளில் தூக்கிப் பிடித்தபடி நின்றவரை மறுநாள் மீட்டோம். அவரை மட்டும்.

அதன்பின் தாங்கள் முறையை மாற்றினீர்கள். எச்சரிக்கை வந்ததும் துணியை எடுத்து, படுத்திருப்பவரின் முதுகுக்கடியில் விரிக்க வேண்டும். அவரைத் தூக்காமல் அதை எடுக்கவே முடியாது. மறதியோ பதற்றமோ எதுவும் அதை முன்னதாகக் கேட்டுக்குக் கொண்டுபோக முடியாது. இவ்வளவு எளிய வழி முன்பே தோன்றவில்லையே என்று தாங்கள் ஒருமுறைகூடச் சொல்லிக் கேட்டதில்லை. சொல்லாததைத் தங்கள் முகத்தில் தினமும் பார்த்தோம்.

தையற்கார அம்மா துணி தைப்பதை நிறுத்தினார். ஒவ்வோர் ஒத்திகையிலும் அவர் கதவைத் தட்டினீர்கள். “எங்க வீட்ல தூக்க ஆளில்ல. நடையைக் கட்டு” என்று ஜன்னலிலிருந்து பதில் வரும். இந்த ஆண்டு அவருக்கே வாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. புயல் பருவம் நெருங்குகிறது. கடலோர முதல் வரிசை வீடுகளைக் கடல் கொண்டுபோய்விட்டது. அவருடையதுதான் முதல் வீடு. தங்கள் இடத்துக்கு எவரையும் நியமிப்பதாக மேலிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் தம்மைத் தூக்கச் சம்மதிக்காமல் ஓய்வு பெறுவதில்லை என்று தாங்கள் இருந்தது எங்களுக்குத் தெரியும்.

போன வார ஒத்திகையில் அவர் கதவு திறந்திருந்தது. கட்டிலில் கிடந்தபடி தங்களைக் கேட்டார்.

“கையில என்ன?”

“துணிதான்க்கா. நீங்க தைச்சது.”

“பொய் சொல்லாத. நான் ஓரத்தை ரெண்டு மடிப்பு மடிப்பேன்.” நல்ல கையால் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். வெகுநேரம் தடவினார். “என்னுதுதான். எங்க வைக்கப் போற?”

“உங்க முதுகுக்கடியில. உங்களைத் தூக்கினாத்தான் எடுக்க முடியும்.”

“இதை எப்பக் கண்டுபிடிச்ச?”

தாங்கள் துணியை அவர் முதுகுக்கடியில் செருகினீர்கள்.

“மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காத” என்றார். “தூக்கு.”

தூக்கினோம். அடியிலிருந்து எடுத்த துணியைத் தம் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தார். கேட்டில் அவர் அதைப் பிடித்திருக்க, தாங்கள் முடிச்சுப் போட்டீர்கள். பிறகு, அவர் எங்கள் கைகளில் வெளியே இருப்பதைக் கண்ணால் பார்த்த பின்னும், தாங்கள் மட்டும் திரும்பி உள்ளே போய், அந்தக் காலிக் கட்டிலைப் பார்த்துவிட்டு வந்தீர்கள். அதை நாங்கள் கவனிக்கவில்லை என்று நினைத்திருப்பீர்கள்.

அக்கா, இத்தனை பேரைத் தூக்கித் தூக்கித் தங்கள் இடுப்பு போய்விட்டது. கோடித் தெருவில் தனியாக இருக்கப் போகிறீர்கள். நாளை முதல் தாங்களும் நாங்கள் தூக்க வேண்டியவர்களில் ஒருவர். இந்த மடலோடு தருவது பரிசல்ல. தங்கள் வீட்டுக்கான துணி. ஒரு கையால் தைத்ததால் தையல் கோணலாக இருக்கும். ஓரம் மட்டும் இரண்டு மடிப்பு.

அந்தத் துணி ஒருநாளும் கேட்டுக்கு வராமல், ஆண்டுதோறும் வெயிலில் காய்ந்து, பெட்டிக்குள் மடிந்து, நிறம் வெளுத்து, நூல் நைந்து தானாகவே மக்கிப்போகும்வரை தாங்கள் நலமாய் வாழ வேண்டும். அது என்றாவது கேட்டில் தொங்கினாலும், நாங்கள் உள்ளே வந்து கட்டிலைப் பார்த்துவிட்டே போவோம்.

இங்ஙனம்,
தாங்கள் தூக்கக் கற்றுக்கொடுத்த
அலுவலகத் தோழர்கள்